வீட்டுத் தொட்டியில் சிக்லிட் மீன்: வளர்ப்பதும் குஞ்சு எடுப்பதும்

இப்போது நம்ம தோட்டங்களில் பல லயக் காம்பராக்களில் டீவிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி மீன்தொட்டியையும் காண்கிறோம். பதுளை டவுனுக்குப் போன பிள்ளை பொலித்தீன் பையில் நாலு மீனைக் கட்டிக்கொண்டு வருகிறது. வீட்டில் எல்லோரும் சுற்றி நின்று பார்க்கிறார்கள். இரண்டு கிழமை போனதும் மீன் மல்லாந்து மிதக்கிறது. "ஐயா, நேத்து நல்லாத்தானே இருந்திச்சு" என்கிறார்கள். கண்ணூறு பட்டுவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. கண்ணூறும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. மீன் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான்.

கடைகளில் கிடைக்கும் அலங்கார மீன்களில் சிக்லிட் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. ஏஞ்சல், ஒஸ்கார், டிஸ்கஸ், கன்விக்ட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவற்றை எப்படி வளர்ப்பது, எப்படிக் குஞ்சு எடுப்பது, இதில் நாலு காசு பார்க்க முடியுமா என்று நம்மிடம் கேட்கும் குடும்பங்களுக்காக இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். கடைசிப் பகுதியில் நம்ம ஓயாக்களைப் பற்றியும் ஒரு முக்கியமான விடயம் உண்டு. அதையும் தவறாமல் வாசியுங்கள்.

சிக்லிட் என்பது எந்த மீன்?

உலகத்தில் மிகப் பெரிய மீன் குடும்பங்களில் சிக்லிட்டும் ஒன்று. 1,700க்கு மேற்பட்ட இனங்களுக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆபிரிக்காவின் மலாவி, தங்கனிக்கா, விக்டோரியா ஏரிகளிலும், தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா ஆறுகளிலும் இவை ஏராளம். மடகாஸ்கரிலும் உண்டு.

மற்ற மீன்கள் பல, முட்டையைப் போட்டுவிட்டு அதன் பாட்டில் போய்விடும். சிக்லிட் அப்படி இல்லை. ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து இடம் பார்த்து, கல்லைச் சுத்தம் செய்து, முட்டை போட்டு, அதற்குக் காவல் இருக்கும். துடுப்பை ஆட்டி முட்டைக்கு நல்ல தண்ணீர் ஓடச் செய்யும். கெட்டுப்போன முட்டையை வாயால் பொறுக்கி எடுத்துவிடும். குஞ்சு பொரித்த பிறகும் கோழி மாதிரி கூட்டிக்கொண்டு திரியும். வேறு சில இனங்களில் தாய் முட்டையை வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

நம்ம நாட்டுச் சிக்லிட்

இந்தக் குடும்பம் முழுக்க வெளிநாட்டுக்காரர் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவும் இலங்கையும் சேர்ந்த பகுதிக்குச் சொந்தமான சிக்லிட் மூன்றே இனம். அதில் இரண்டு இலங்கையில் உண்டு. சிங்களத்தில் இவற்றைக் கொறலியா என்பார்கள். பெரியது பச்சை கலந்த சாம்பல் நிறம், உடம்பில் முத்துப்போலப் புள்ளி. களப்புகளிலும் தாழ்நில ஆறுகளிலும் இருக்கும். கேரளத்தில் கரிமீன் என்று விரும்பிச் சாப்பிடுவது இதைத்தான். 2010இல் கேரள அரசு இதை மாநில மீனாக அறிவித்தது. சின்னது மஞ்சள் கொறலியா. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, அழகான செம்மஞ்சள் நிறம். மீன்தொட்டிக்கு ஏற்றது இதுதான்.

வார்ட், வைமன் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இலங்கையில் இந்த இரண்டு மீன்களையும் கவனித்து 1970களில் எழுதியிருக்கிறார்கள். மஞ்சள் கொறலியாவின் குஞ்சுகள் தாய் தகப்பனின் உடம்பில் படிந்திருக்கும் வழுவழுப்பைக் கொத்தித் தின்று வளரும். கிட்டத்தட்டத் தாய்ப்பால் மாதிரி. வளர்ந்த பச்சைக் கொறலியாவின் உடம்பில் ஒட்டியிருப்பதைச் சின்ன மஞ்சள் கொறலியாக்கள் பொறுக்கிச் சுத்தம் செய்வதையும் அவர்கள் கண்டார்கள். நம்ம நாட்டு மீனுக்கு இப்படி ஒரு பெருமை இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தொட்டியும் அது வைக்கும் இடமும்

முதல் தடவைக்கு 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள தொட்டி போதும். எத்தனை லீற்றர் பிடிக்கும் என்று அறிய நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61ஆல் வகுங்கள். இந்தத் தொட்டிக்கு 56 லீற்றர் சொச்சம் வரும். மேலே கொஞ்சம் இடம் விட்டால் 50 லீற்றர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்த்தால் ஓர் ஆளின் பாரம் வந்துவிடும். அதனால் ஆடும் மேசையிலும் மெல்லிய பலகைத் தட்டிலும் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளை பிடித்து இழுக்க முடியாத, உறுதியான மேசையில் வையுங்கள். அடியில் ஒரு ரிஜிபோம் அட்டை போட்டால் கண்ணாடி வெடிக்காது.

நம்ம காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் அடுப்பும் அருகிலேயே இருக்கும் வீடுகள் உண்டு. எயார் பம்ப் என்பது காம்பராவில் உள்ள காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடும் மெசின். விறகுப் புகை, நுளம்புச் சுருள், சாம்பிராணிப் புகை எல்லாவற்றையும் அதுவே இழுத்து உள்ளே விடும். ஆகவே பம்பை அடுப்பிலிருந்து தூரமாக, தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போன நேரம் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து பம்புக்குள் இறங்கும். யன்னலில் நேர் வெயில் விழும் இடமும் கூடாது. தண்ணீர் பச்சைப் பாசி பிடித்துவிடும்.

தண்ணீரை முதலில் வளர்க்க வேண்டும்

மீன் சிறுநீர், கழிவு, தின்னாமல் விட்ட தீனி எல்லாம் தண்ணீரில் அமோனியாவாக மாறும். யூரியா மூட்டை ஈரத்தில் கிடந்தால் ஒரு நெடி வருமே, அதே சாமான்தான். கொஞ்சம் கூடினாலும் மீனின் பூவை எரித்துவிடும். இயற்கையில் சில நுண்கிருமிகள் இந்த அமோனியாவை நைத்திரைற்றாகவும், வேறு கிருமிகள் அதை நைத்திரேற்றாகவும் மாற்றும். நைத்திரைற்றும் விசம்தான். நைத்திரேற்று அவ்வளவு கெடுதல் இல்லை. புதுத் தொட்டியில் இந்தக் கிருமிகள் இருக்காது. அவை வந்து பெருக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். நம்ம குளிரில் இன்னும் கொஞ்சம் கூட எடுக்கலாம்.

இரண்டு கிழமையில் மீன் சாகிற இரகசியம் இதுதான். தொட்டியை இன்றைக்கு வாங்கி இன்றைக்கே பத்து மீன் விட்டால், கழிவைத் தின்பதற்கு ஆள் இல்லாமல் தண்ணீர் விசமாகிறது. கண்ணுக்குத் தண்ணீர் பளிங்கு மாதிரித்தான் தெரியும்.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். பஞ்சு பில்டர் ஒன்றைப் போட்டு, எயார் பம்பை இரவு பகல் ஓடவிடுங்கள். பழைய தொட்டி வைத்திருக்கும் அயலவரிடம் பழைய பஞ்சு ஒரு துண்டு வாங்கிப் போட்டால் கிருமி சீக்கிரம் பெருகும். முதலில் இரண்டே இரண்டு சின்ன மீன் விட்டு, தீனியைக் குறைத்துப் போடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். 50 லீற்றர் தொட்டிக்கு இது ஒரு பெரிய வாளித் தண்ணீர்தான். தொட்டி முழுவதையும் கொட்டி, கல்லையும் பஞ்சையும் சோப் போட்டுக் கழுவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் நல்ல கிருமி எல்லாம் செத்துப்போகும். பஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து அலசினால் போதும்.

மாற்றி எடுத்த தண்ணீரை வீசாதீர்கள். லீக்ஸ், கரட், கறிவேப்பிலைக்கு அது நல்ல பசளை. ஆடி, ஆவணியில் பீலி மெலிந்து ஓடும்போது இதுவும் ஓர் உதவிதான்.

பீலித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும்

குழாய்த் தண்ணீரில் குளோரின் போட்டிருந்தால் ஒரு நாள் முழுக்கத் திறந்த வாளியில் வைத்துவிட்டுப் பாவியுங்கள். வாளியை நுளம்பு புகாத மெல்லிய துணியால் மூடுங்கள். மூடாத வாளி டெங்கு நுளம்பு முட்டை போடும் இடம். மீனுக்காக வைத்த தண்ணீர் நம்ம பிள்ளைக்கு டெங்கு கொண்டுவரக்கூடாது.

பீலித் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் வேறு ஆபத்து உண்டு. மேல் மலையில் களைகொல்லி அடித்த நாளிலும், கொப்புள நோய்க்குச் செப்பு கலந்த மருந்து அடித்த நாளிலும், அதற்குப் பின் பெய்கிற முதல் மழையிலும் பீலித் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். செப்பு மீனுக்கு விசம். மருந்து கலக்கிய வாளி, மருந்துப் பேணி, மருந்து அளந்த கோப்பை எதையும் எவ்வளவு கழுவினாலும் மீனுக்குப் பாவிக்கக் கூடாது. அது மனிதர் பாவிக்கும் தண்ணீருக்கும் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும்.

தேயிலை மண்ணுக்குப் பீ.எச். பார்ப்பதும், கவ்வாத்து நேரம் டொலமைற்று போடுவதும் நமக்குப் பழகிய விடயம். புளிப்பு மண்ணில்தான் தேயிலை நன்றாக வரும். மீனும் அப்படி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தண்ணீர். கேத்தலின் உட்பக்கம் வெள்ளையாகப் படிந்தால் உங்கள் தண்ணீர் கடினத் தண்ணீர். அதற்கு மலாவி மீன்களும் மஞ்சள் கொறலியாவும் பொருத்தம். படியாவிட்டால் மென்னீர். அதற்கு ஏஞ்சல் நல்லது. காய்ந்த கொட்டம்பா இலை ஒன்றிரண்டு ஏஞ்சல் தொட்டியில் போடுவது பழைய வளர்ப்பாளர்களின் வழக்கம். கன்விக்ட் இரண்டிலும் வாழும். தண்ணீரை மருந்து போட்டு மாற்றுவதைவிட, தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவது செலவு குறைந்த வழி.

குளிர்தான் நம்ம பெரிய எதிரி

அலங்காரச் சிக்லிட் எல்லாம் வெப்ப நாட்டு மீன். 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரை உள்ள தண்ணீர் அவற்றுக்குச் சுகம். பதுளை டவுன் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 680 மீற்றர் மேலே. பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல். ஹப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டும். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற ஏற அரைப் பாகைக்கு மேல் குளிர் கூடும். ஆகவே பசறை, ஹாலிஎல பக்கம் சும்மா தாங்கும் மீன், ஹப்புத்தளையில் மார்கழி, தை இரவில் சுருண்டுவிடும். மொணராகலைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு இந்தக் கவலை குறைவு.

ஹீட்டர் போட வேண்டும் என்றால் 50 லீற்றருக்குப் பதுளைப் பக்கம் 50 வோட் போதும். குளிர் கூடிய இடத்துக்கு 100 வோட் தேவைப்படும். 50 வோட் ஹீட்டர் ஒரு நாளில் 12 மணித்தியாலம் வேலை செய்தால் மாதம் 18 யுனிட். 100 வோட் என்றால் 36 யுனிட். சின்ன எயார் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் இரண்டு யுனிட் சொச்சம்தான். யுனிட் கூடக் கூட வீதமும் ஏறும் என்பதை மறக்காமல் உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். தொட்டியின் பின்பக்கமும் இரண்டு பக்கமும் ரிஜிபோம் அட்டை ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் சூடு வெளியே போவது குறையும். பில்லும் குறையும்.

கரண்ட் விடயத்தில் விளையாட்டு வேண்டாம்

தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கிறது. மீன் செத்தால் வேறு வாங்கலாம். இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வீட்டில் வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச் இல்லாவிட்டால் ஹீட்டர் போடவே வேண்டாம். அதில் உள்ள பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும். பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த வயர், ஒட்டுப் போட்ட வயர் எதிலும் தொட்டியைக் கொழுவாதீர்கள். தொட்டிக்குள் கை வைப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். ஹீட்டரை நிறுத்திக் கால் மணித்தியாலம் சென்ற பிறகுதான் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹீட்டர்க் கண்ணாடி வெடிக்கும். வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வயரில் வடியும் தண்ணீர் கீழே சொட்டும், பிளக்குக்குள் போகாது.

எந்த மீனில் தொடங்குவது?

கன்விக்ட்: மத்திய அமெரிக்க மீன். உடம்பில் கறுப்புப் பட்டை, சிறைக் கைதியின் பழைய உடுப்பு மாதிரி. அதனால்தான் இந்தப் பெயர். உரமான மீன், கொஞ்சம் குளிரும் தாங்கும். குஞ்சு எடுக்கப் பழகுவதற்கு இதைவிட இலகுவானது இல்லை. ஆனால் சண்டைக்காரன். ஜோடியைத் தனித் தொட்டியில்தான் வைக்க வேண்டும். விலையும் அதிகம் போகாது.

மஞ்சள் கொறலியா: அமைதியான மீன், நம்ம நாட்டு மீன். குளிர் ஆகாது. உப்பு கலந்த களப்புத் தண்ணீரிலும் வாழ்கிற மீன் என்பதால் ஒரு வாளிக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போட்டால் அதற்கு ஒத்துப்போகும்.

ஏஞ்சல்: அமேசன் ஆற்று மீன். அழகும் உண்டு, கடையில் கேள்வியும் உண்டு. உயரமான மீன் என்பதால் முட்டை போடும் ஜோடிக்கு 18 அங்குல உயரத் தொட்டி வேண்டும்.

ஒஸ்கார்: வாங்கும்போது விரல் அளவு. ஒரு வருடத்தில் ஓர் அடி வரும். நம்ம சின்னத் தொட்டிக்கு இது சரிவராது. கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.

குஞ்சு எடுப்பது

ஏஞ்சலை உதாரணமாக எடுப்போம். சின்ன வயதில் ஆண் பெண் என்று பிரித்துச் சொல்வது கடினம். அதனால் ஆறு குஞ்சை ஒன்றாக வாங்கி, எட்டுப் பத்து மாதம் வளர விடுங்கள். ஆறும் வளர்ந்தால் 50 லீற்றர் தொட்டி காணாது, பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். தாமாகவே இரண்டு மீன் ஜோடி சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அந்த ஜோடியை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். நாம் பிடித்து வைக்கும் ஜோடி பல நேரம் ஒத்துவராது.

தொட்டியில் ஒரு சிலேட் துண்டையோ வழுவழுப்பான ஓட்டுத் துண்டையோ சாய்த்து வையுங்கள். தண்ணீர் 27, 28 பாகையில் இருக்கட்டும். முட்டை போடுவதற்கு முன் இரண்டும் அந்தத் துண்டை வாயால் சுத்தம் செய்யும். பெண் வரிசை வரிசையாக முட்டை ஒட்டும், ஆண் பின்னால் போய் அதைச் சினைப்படுத்தும். நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். வெள்ளையாக மாறும் முட்டை கெட்டது. ஏறக்குறைய இரண்டரை நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சு உடனே நீந்தாது, ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டும். வயிற்றில் உள்ள மஞ்சட்கருவை ஐந்தாறு நாள் தின்றுவிட்டுத்தான் நீந்தத் தொடங்கும். அதுவரை தீனி போடாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று தடவை ஏஞ்சல் ஜோடி தன் முட்டையைத் தானே தின்றுவிடும். மனம் விடாதீர்கள். சத்தம், ஆள் நடமாட்டம், இரவில் திடீரென்று லைற் போடுவது எல்லாம் மீனைப் பயப்படுத்தும். முன்பக்கம் தவிர மற்றப் பக்கங்களைக் கடதாசியால் மறையுங்கள். திரும்பத் திரும்பத் தின்றால் துண்டோடு முட்டையை வேறு சின்னத் தொட்டிக்கு மாற்றி, பக்கத்தில் மெதுவாகக் காற்றுக் குமிழி ஓடவிட்டு, மெதிலீன் புளூ சில துளி விட்டுப் பொரிக்க வைக்கலாம்.

கன்விக்ட் இந்தத் தொந்தரவு தராது. உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அதற்குள் முட்டை போட்டு, இரண்டும் முறை வைத்துக் காவல் இருக்கும். மலாவி மீன் வாயில் முட்டையை வைத்து ஏறக்குறைய மூன்று கிழமை தீனி தின்னாமல் இருக்கும். குஞ்சு குறைவு, ஆனால் வெளியே வரும்போதே வளர்ந்த குஞ்சாக வரும்.

குஞ்சுத் தீனி

நீந்தத் தொடங்கிய நாளிலிருந்து முதல் இரண்டு கிழமை முக்கியம். சிறந்த தீனி ஆர்டீமியா. ஒரு லீற்றர் சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, 25 முதல் 30 கிராம் உப்பு கரைத்து, கொஞ்சம் ஆர்டீமியா முட்டை போட்டு, காற்றுக் குழாயை அடிவரை விட்டால் ஒன்று ஒன்றரை நாளில் பொரிக்கும். போத்தலைச் சூடான இடத்தில் வைக்க வேண்டும். செம்மஞ்சள் நிறத்தில் தூசி மாதிரி நீந்தும். துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, நாளுக்கு மூன்று தடவை கொடுங்கள். குஞ்சின் வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால் தின்றுவிட்டது என்று அர்த்தம். ஆர்டீமியா கிடைக்காவிட்டால் அவித்த முட்டை மஞ்சட்கருவைத் துணியில் கட்டித் துளி அளவு பிழிந்து விடலாம். அது தண்ணீரைச் சீக்கிரம் கெடுக்கும், கவனம்.

பெரிய மீனுக்கு நாளுக்கு இரண்டு தடவை, இரண்டு நிமிசத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தீனிப் பொறுப்பைக் கொடுங்கள். அம்மா ஒரு தடவை, அண்ணன் ஒரு தடவை, தாத்தா ஒரு தடவை என்று ஆளுக்கு ஆள் போட்டுத்தான் பல தொட்டி நாறுகிறது. சோறு, ரொட்டி, பிஸ்கட் எதுவும் போடாதீர்கள்.

மீன் உடம்பில் உப்புத் தூள் மாதிரி வெள்ளைப் புள்ளி வந்து, கல்லில் உரசினால் அது வெள்ளைப் புள்ளி நோய். குளிர் பட்ட பிறகுதான் பெரும்பாலும் வரும். சூட்டை மெதுவாக 29, 30 பாகைக்கு ஏற்றி, காற்றைக் கூட்டி, கடை மருந்தைச் சீட்டில் சொன்ன அளவு மட்டும் போடுங்கள். புதிதாக வாங்கிய மீனை இரண்டு மூன்று கிழமை தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்தால் பல நோய் வராது.

இதில் காசு வருமா?

வரும், ஆனால் பெரட்டுக்குப் போகாமல் இருக்கும் அளவுக்கு வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இலங்கையிலிருந்து வளர்த்து ஏற்றுமதியாகும் நன்னீர் அலங்கார மீனில் முதலிடம் கப்பிக்கு. சிக்லிட்டை உள்ளூர்க் கடைகளுக்குக் கொடுப்பதுதான் நம்மால் முடிந்தது.

குஞ்சு எடுப்பதற்கு முன்பே டவுனில் இரண்டு மூன்று கடையில் கேளுங்கள்: எந்த மீன், என்ன அளவு, எத்தனை, என்ன விலை? ஒரு கொப்பியில் இடது பக்கம் தொட்டி, தீனி, மருந்து, கரண்ட் பில்லில் கூடிய தொகை, பஸ் காசு எல்லாம் எழுதுங்கள். வலது பக்கம் விற்றதை எழுதுங்கள். ஆறு மாதம் இப்படி எழுதிப் பார்த்த பிறகுதான் இரண்டாவது தொட்டி.

வாராந்தக் கடன் எடுத்தும், சீட்டுக் காசைப் போட்டும், காதுத் தோட்டை அடகு வைத்தும் பத்துத் தொட்டி வாங்காதீர்கள். "நாங்களே குஞ்சைத் திருப்பி வாங்கிக்கொள்வோம், நீங்கள் சோடியை மட்டும் வாங்குங்கள்" என்று வருகிறவரின் வாய்வார்த்தையை நம்பிக் காசு கட்டாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தராவிட்டால் வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். மீன் ஓர் இரவில் சாகும், கடன் சாகாது.

முறையாகப் பழக விரும்பும் இளைஞர் யுவதிகளுக்குத் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. குருநாகல் மாவட்டத்தில் ரம்பொடகல்லவில் அலங்கார மீன் இனப்பெருக்கத்துக்கும் பயிற்சிக்கும் அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. அவர்களுடைய விரிவாக்க உத்தியோகத்தர்களிடம் விபரம் கேட்கலாம். கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால் உங்கள் தோட்ட நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

ஓயாவில் விடாதீர்கள்

மீன் பெரிதாகிவிட்டது, குஞ்சு கூடிவிட்டது, வீடு மாறுகிறோம், கொல்ல மனமில்லை. அப்போது பலர் செய்வது, ஓயாவில் கொண்டுபோய் விடுவது. புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். அது புண்ணியம் இல்லை.

சிக்லிட் தன் குஞ்சைத் தானே காக்கும் என்று மேலே சொன்னோம். அதனால்தான் தொட்டியில் குஞ்சு எடுப்பது இலகு. அதே குணம்தான் ஓயாவில் ஆபத்து. முட்டையைப் போட்டுவிட்டுப் போகிற நம்ம ஓயாச் சின்ன மீன்களுக்கு இப்படிக் காவல் கிடையாது. காவல் உள்ள மீனும் காவல் இல்லாத மீனும் ஒரே குழியில் இருந்தால் எது பெருகும் என்று நீங்களே யோசியுங்கள்.

உதாரணம் கண்முன்னே இருக்கிறது. குளத்து மீன் என்று நாம் வாங்கிச் சமைக்கும் திலாப்பியாவும் சிக்லிட்தான், ஆபிரிக்க மீன். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். வரண்ட வலயக் குளங்களில் விட்டார்கள், பெருகியது. ஏழைகளுக்கு மலிவான மீன் கிடைத்தது, அது நன்மைதான். ஆனால் ஒரு தடவை தண்ணீருக்குள் போன மீனைத் திரும்ப எடுக்க எவராலும் முடியாது என்பதும் அதில் உள்ள பாடம். தொட்டிப் பாசி தின்ன வாங்கும் டேங்க் கிளீனர் மீனும் இப்படித்தான். ஆட்கள் ஆற்றில் விட்டு, இன்று நாட்டின் பல ஆறு, நீர்த்தேக்கங்களில் மீனவர் வலையைக் கெடுக்கிறது. சாப்பிடவும் அதை யாரும் விரும்புவதில்லை.

நாம் இருப்பது மலை உச்சி. பதுளை ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியில் சேர்கின்றன. மகாவலி திருகோணமலை வரை போகிறது. கிரிந்தி ஓயாவும் மெனிக் கங்கையும் நம்ம மலையிலிருந்துதான் தெற்கே இறங்குகின்றன. இங்கே ஒரு பிள்ளை பொலித்தீன் பையை அவிழ்த்துக் கானில் ஊற்றினால், அது எத்தனையோ ஊர்க்காரரின் தண்ணீருக்குப் போகும். மலை ஓயாக்களில் உலகில் வேறெங்கும் இல்லாத, இலங்கைக்கு மட்டுமே உரிய மீன்கள் உண்டு. அவை போனால் வேறு இடத்திலிருந்து கொண்டுவர முடியாது.

ஆகவே மீன் வேண்டாம் என்றால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், அயலவருக்குக் கொடுங்கள், பாடசாலைத் தொட்டிக்குக் கேட்டுக் கொடுங்கள். குஞ்சு தேவையில்லாத காலத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள். நோய் வந்து செத்த மீனை ஓயாவில் வீசாமல் மண்ணில் புதையுங்கள். தொட்டித் தண்ணீரையும் கானில் ஊற்றாமல் மரக்கறிப் பாத்தியில் ஊற்றுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்: மீனுக்கு முன் தண்ணீர், ஹீட்டருக்கு முன் ட்ரிப் சுவிட்ச், இரண்டாவது தொட்டிக்கு முன் கணக்குக் கொப்பி. குஞ்சைக் காக்கும் வேலையை மீன் பார்த்துக்கொள்ளும். தொட்டியையும் ஓயாவையும் காப்பது நம்ம வேலை.